கூட்டுப் பட்டா செல்லாது

நாவல்தாங்கல் கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகிறவர் ஒரே ஒருவர். அவருடைய பதவிக்குப் பெயரே தனி அலுவலர். இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். கலியனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அரைக் காணி நெல் முற்றித் தலை சாய்த்து நின்றது. சாயங்காலமானால் வானம் கருத்துக்கொண்டு வந்தது. அறுக்க நாதியில்லை.

நாதியில்லை என்றால் நிஜமாகவே நாதியில்லை. மாகறலைத் தாண்டிச் செய்யாற்றங்கரையோரமாக இருக்கிற ஊர் அது. விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் பையுமாக நிற்கிற அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரகடம் போய்விடும். போகட்டும், நிழலில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், யார் வேண்டாம் என்றது? கலியனுக்கு நாலு பக்கமும் இருந்த கழனியெல்லாம் மனையாகிவிட்டது. மஞ்சள் கல் நட்டு, நடுவில் ரோடு போட்டு, 'ஸ்ரீ வரதா கார்டன்' என்று வளைவு வைத்திருக்கிறார்கள். கார்டன் என்று பெயர் வைத்த இடத்தில் மருந்துக்குக்கூட ஒரு செடி கிடையாது. செடி என்று இருந்தது கலியனுடைய நெல் ஒன்றுதான்.

வாலாஜாபாத் பக்கம் சேற்றில் இறங்கி அறுக்கிற பெல்ட் மிஷின் வைத்திருக்கும் ஒருவரிடம் கலியன் போனில் கெஞ்சிப் பார்த்தார். "ஒரு கழனிக்காவா அவ்ளோ தூரம் வண்டிய ஏத்திக்கினு வர்றது? டீசல் கூட கட்டாதுபா. பக்கத்துல நாலு பேரு ஒண்ணா சேந்து கூப்புடுங்க, வரேன்" என்றார் அவர். பக்கத்தில் நாலு மஞ்சள் கல்தான் இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். பெண்டாட்டி பூவம்மாள் பெங்களூரில் மகள் பிரியதர்ஷினியின் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவள். அந்தக் குழந்தைகள் இப்போது பள்ளிக்கூடம் போகின்றன, பூவம்மாள் இன்னும் வந்தபாடில்லை. தினமும் போன் வரும். "சாப்டியா?" "ஆச்சு." "இன்னா கொழம்பு?" "நேத்து வெச்சதுதான்." "தோ, சின்னவன் கட்டில்மேல ஏறிட்டான், வெச்சிடறேன்." அவ்வளவுதான். அதற்கப்புறம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அந்த வீட்டில் மனிதக் குரல் கேட்காது. டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் கலியனும் கையைத் தூக்கி வணக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தார். முதல் தடவை வெட்கமாக இருந்தது. பிறகு பழகிப்போய்விட்டது.

அப்படிப்பட்டவருக்குத்தான் சங்கத்து மிஷின் ஞாபகம் வந்தது.

சங்கத்து வாசலில் தகரக் கொட்டகை போட்டு அதற்குள் புத்தம் புது அறுவடை மிஷின் நின்றது. வந்த நாளில் போட்ட சாமந்தி மாலை அதன் கழுத்திலேயே காய்ந்து கயிறாகித் தொங்கியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் உரிக்கவில்லை. கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில், 'தனியொருவர் அனைவருக்காக, அனைவரும் தனியொருவருக்காக' என்று எழுதியிருந்தது. தனியொருவர் என்பதைப் படித்ததும் கலியனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் பாவம்.

உள்ளே செயலாளர் சங்கீதா மட்டும் இருந்தாள். நல்ல பெண். கேட்டதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். பதில்தான் சரியில்லை.

"நீங்க சங்கத்துல உறுப்பினருங்களா?"

"எங்க அப்பா இருந்தாரும்மா. ஆரம்பிச்ச காலத்துலயே சேந்தவரு."

"அவரு இருக்காருங்களா?"

"அவரு செத்து முப்பது வருசம் ஆவுது."

சங்கீதா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அவரு இன்னும் உறுப்பினராத்தான் இருக்காருங்க. நீங்கதான் இல்ல."

"செத்தவரு எப்படிம்மா இருப்பாரு?"

"பவள விழா வருதுங்களே. உறுப்பினர் எண்ணிக்கை கொறையக் கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. யாரையும் எடுக்கறதில்ல."

"அப்ப எங்கப்பா வந்து கேட்டா மிஷின் குடுப்பீங்களா?"

"வந்து கையெழுத்து போடணுங்க" என்றாள் சங்கீதா. அவள் கிண்டல் செய்யவில்லை. விதியைச் சொன்னாள்.

சரி, சேர்ந்துவிட்டால் போயிற்று என்று கலியன் பட்டாவை எடுத்து நீட்டினார். அதை வாங்கிப் பார்த்தவள் முகம் வாடிப்போயிற்று. பட்டாவில் இரண்டு பெயர். கலியன் ஒன்று, அவர் தம்பி குரு இன்னொன்று. அப்பா போனபின் நிலம் பிரிக்காமலே கிடந்ததால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பட்டா.

"கூட்டுப் பட்டா செல்லாதுங்க."

"இது கூட்டுறவு சங்கம்தானேம்மா?"

"ஆமாங்க. அதுல சேர தனிப் பட்டா வேணும்."

கலியன் வாசல் பக்கம் கொட்டகைச் சுவரைப் பார்த்தார், பட்டாவைப் பார்த்தார், சங்கீதாவைப் பார்த்தார். மூன்றில் எது தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சார் வியாழக்கிழமை வருவாருங்க. பதினோரு சங்கத்துக்கு அவரு ஒருத்தருதான். அவருகிட்ட கேளுங்க" என்றாள் சங்கீதா.

வியாழக்கிழமை கலியன் சட்டை மாட்டிக்கொண்டு போனார். தனி அலுவலர் உதயகுமார் வந்திருந்தார். உள்ளே நிர்வாகக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, சத்தம் போடாமல் கடைசியில் உட்காருங்கள் என்றாள் சங்கீதா. நீளமான மேஜை, அதைச் சுற்றி நாற்காலிகள். எல்லாம் காலி. தேர்தல் நடக்காததால் தலைவர், துணைத் தலைவர், உறுப்பினர்கள் எல்லாருடைய அதிகாரமும் சாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சார் நேர்மையான மனிதர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எல்லாருடைய வேலையையும் செய்வது முறையாகாது என்பது அவருடைய கொள்கை.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "பவள விழாவைச் சீரும் சிறப்புமாகக் கொண்டாட வேண்டும் என்று முன்மொழிகிறேன்." எழுந்து துணைத் தலைவர் நாற்காலிக்குப் போனார். "இதை நான் வழிமொழிகிறேன்." பிறகு உறுப்பினர்கள் வரிசைக்குப் போய் உட்கார்ந்து கையை உயர்த்தினார். மறுபடி தலைவர் நாற்காலிக்கு வந்து எண்ணிப் பார்த்தார். "ஏகமனதாக நிறைவேறியது" என்றார்.

கலியன் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார்.

"பார்வையாளர் தட்டக் கூடாதுங்க. உறுப்பினர்தான் தட்டணும்" என்று சங்கீதா காதோடு சொன்னாள். உதயகுமார் உறுப்பினர் வரிசைக்குத் திரும்பப் போய்த் தட்டிவிட்டு வந்தார்.

கூட்டம் முடிந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஓட்டல் எலுமிச்சை சாதம். குடும்பம் திருநெல்வேலியில், இவர் காஞ்சிபுரத்தில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று சங்கீதா சொல்லியிருந்தாள். அவ்வளவு நீளமான மேஜையில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து அவர் தனியாகச் சாப்பிடுவதைப் பார்க்கக் கலியனுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அவர் சாப்பிடுகிறவரைக்கும் தன் கஷ்டத்தைச் சொல்லாமல் நின்றார்.

கை கழுவிவிட்டு வந்து சார் கேட்டுக்கொண்டார். பிறகு விளக்கினார்.

"கூட்டுறவுன்னா என்னன்னு முதல்ல நீங்க புரிஞ்சுக்கணும். தனித்தனியா இருக்கிறவங்களை ஒண்ணு சேர்க்கிறதுதான் கூட்டுறவு. நீங்க ஏற்கெனவே தம்பியோட சேர்ந்து இருக்கீங்க. சேர்ந்து இருக்கிறவங்களை எப்படி சேர்க்கிறது? முதல்ல பிரியணும். பிரிஞ்சு வந்தாத்தானே சங்கம் சேர்த்து வைக்கும்?"

"சார், நாங்க சேந்தெல்லாம் இல்ல. அவன் என்னோட பேசியே ஒம்பது வருசம் ஆவுது."

"ரொம்ப நல்லது" என்றார் உதயகுமார். மனசாரச் சொன்னார். "அப்போ பிரியறது சுலபம்தானே? தம்பியை அழைச்சுட்டு வந்து, நிலத்தைப் பிரிச்சுக்கச் சம்மதம்னு ரெண்டு பேரும் ஒரு கையெழுத்துப் போடுங்க. அடுத்த வியாழக்கிழமை விழாவுல வருவாய்த் துறைக்காரங்க வர்றாங்க. மேடையிலேயே தனிப் பட்டா, மேடையிலேயே உறுப்பினர் அட்டை, மேடையிலிருந்தே மிஷின் உங்க வயலுக்கு. கொடியசைச்சு அனுப்பி வைக்கிறோம்."

கலியனுக்கு வேண்டியது மிஷின். அது வருகிறது என்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஆனால் தம்பியைப் பார்க்கப் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து வருவதற்குள் அவர் பட்டாவை மூன்று தடவை பிரித்துப் பார்த்துவிட்டார். ஒன்பது வருஷமாகத் தம்பிக்கும் அவருக்கும் நல்லது கெட்டது கிடையாது, போக்குவரத்து கிடையாது. இரண்டு பேர் பெயரும் ஒன்றாக இருக்கிற இடம் உலகத்திலேயே அந்தப் பட்டா ஒன்றுதான்.

எல்லாம் ஒரு போஸ்டரால் வந்த வினை. அம்மா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கச் சொல்லிக் கலியன் காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தார். கடையில் டைப் அடித்த பெண் மகன்கள் வரிசையில் கலியன் பெயரைப் போட்டுவிட்டு, குரு பெயரை விட்டுவிட்டு, பேரப்பிள்ளைகள் பெயருக்குப் போய்விட்டாள். கலியன் அப்போதிருந்த நிலையில் எதையும் படிக்கவில்லை. படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அடி என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்க ஒட்டினார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் குருவின் டீக்கடைக்கு நேர் எதிர்ச் சுவரில் இரண்டு ஒட்டினார்கள். பெற்ற தாய் செத்ததற்குத் தன் பெயர் இல்லாத போஸ்டரைப் பார்த்துக்கொண்டே அவன் கடையை மூடிவிட்டு வந்தான். கொள்ளி வரைக்கும் கூட நின்றான், காரியம் வரைக்கும் இருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. கலியன் புத்திசாலித்தனமாகக் காரியத்துக்கு இன்னொரு போஸ்டர் அடித்து அதில் குரு பெயரை முதலில், பெரிதாக, சிவப்பில் போட்டார். அதோடு தீர்ந்தது. பத்திரிகையில் திருத்தம் போடுகிற மாதிரி என்னைப் போடுகிறானா என்று கேட்டுவிட்டுப் போனவன்தான்.

வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகிற தெருவில், பட்டுப் புடவைக் கடைகளுக்கு நடுவில் அவன் கடை. கலியன் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பாய்லருக்குப் பின்னால் இருந்த குரு பார்த்தான், பாராத மாதிரி கண்ணாடி டம்ளரைக் கழுவினான். அவன் மனைவி அகிலாதான் வெளியே வந்தாள்.

"வாங்க மாமா. அக்கா நல்லா இருக்குதா? இன்னும் பெங்களூர்லதானா?"

"அங்கதாம்மா இருக்குது."

"சர்க்கரை கொறைவா, எப்பவும் போலவான்னு கேளு" என்றான் குரு, டம்ளரைப் பார்த்து.

"எப்பவும் போலன்னு சொல்லும்மா" என்றார் கலியன், பெஞ்சைப் பார்த்து.

அகிலா நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தாள். "காதுதான் ரெண்டு பேருக்கும் நல்லா கேக்குதே, நான் எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டு டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

கலியன் விஷயத்தைச் சொன்னார். நெல் முற்றிவிட்டது, மழை வருகிறது, மிஷின் வேண்டும், மிஷினுக்கு உறுப்பினர் ஆக வேண்டும், அதற்குத் தனிப் பட்டா வேண்டும், அதற்கு வியாழக்கிழமை விழாவில் கையெழுத்து வேண்டும். எல்லாவற்றையும் அகிலாவிடமே சொன்னார். பாதியிலேயே குரு பாய்லர் பக்கம் இருந்து கையை நீட்டினான். "பட்டாவ காட்டச் சொல்லு."

அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். இரண்டு பெயர்தான் இருந்தது, படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவனுக்கு ஆயிற்று. யாரோ டீ கேட்டதைக்கூட அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இதுலயாவது எம் பேர வுடலையே" என்றான்.

கலியன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், டீதான் உள்ளே போயிற்று.

"பிரிச்சிக்கலாம்னு சொல்லிடு. வியாழக்கிழமை வரேன்" என்று அகிலாவிடம் பட்டாவைக் கொடுத்தான் குரு.

டீக்குக் காசு கொடுக்கப்போனார் கலியன். அகிலா வாங்கவில்லை. குரு அதைப் பார்த்துவிட்டு அடுத்த டம்ளரைக் கழுவப் போனான். அதையே நினைத்துக்கொண்டு அவர் ஊர் வந்து சேர்ந்தார். அன்றைக்கு ராத்திரி பூவம்மாள் போன் செய்தபோது, "குருவப் பாத்தேன்" என்றார். "பேசுச்சா?" என்று அவள் கேட்டாள். அவர் யோசித்துச் சொல்வதற்குள் பெரியவன் சின்னவனை அடித்துவிட்டான், போன் வைக்கப்பட்டது.

பவள விழா வந்தது. பந்தல், சீரியல் செட்டு, வாழைமரம், நாதஸ்வரம். மிஷினுக்குப் புது மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, முன்னால் ரிப்பன் கட்டி, அதன்மேல் பூசணிக்காய் வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் பெரும்பாலும் மேலே போய்விட்டதால், நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டிவந்து நாற்காலிகளில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் ஓரமாக இரண்டு நாற்காலி. 'பயனாளி 1', 'பயனாளி 2' என்று காகிதம் ஒட்டியிருந்தது. குரு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளப் பார்த்தான். மேடையில் இடமில்லை. ஆக, அண்ணனும் தம்பியும் தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். யாரோ இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதலில் குரு குடித்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கலியன் குடித்தார். மீதியைக் குரு குடித்தான். 

காலை பத்து மணிக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் மத்தியானம் தாண்டியும் வரவில்லை. தெற்கே மேகம் ஏறியது. கலியனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்த சங்கீதாவிடம், "இப்ப மிஷின் போனா மழைக்கு முன்னாடி அறுத்துடலாம்மா. டிரைவர் சும்மாதான் குந்திக்கினு கீறாரு" என்றார்.

"கொடியசைக்கணுங்களே."

"நானே வேணா அசைக்கிறேம்மா."

"கொடி சிறப்பு விருந்தினர் வண்டியில வருதுங்க" என்றாள் சங்கீதா. சொல்லும்போது அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

விருந்தினர் வரும்வரை கூட்டத்தைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று உதயகுமார் மைக்கைப் பிடித்தார். முதலில் வரவேற்புரை. பிறகு நகர்ந்து நின்று ஆண்டறிக்கை. பிறகு மறுபடி நடுவுக்கு வந்து தலைமையுரை.

"பெருந்திரளாகக் கூடியிருக்கும் கூட்டுறவாளப் பெருமக்களே. எழுபத்தைந்து ஆண்டுகளில் நமது சங்கம் கண்ட வளர்ச்சி வியக்கத்தக்கது. நமது உறுப்பினர்களில் பெரும்பாலானோர் இன்று நம்மிடையே இல்லை. ஆயினும், ஒருவர்கூட விலகவில்லை. நமது உரக் கிடங்கில் பல்லாண்டுகளாக இருந்துவந்த எலித் தொல்லை அறவே ஒழிக்கப்பட்டுவிட்டது. இப்போது அங்கே எலி தின்பதற்கு எதுவும் இல்லை. நமது அறுவடை இயந்திரத்தைப் பாருங்கள். வந்த நாளிலிருந்து ஒரு பழுது உண்டா? ஒரு கீறல் உண்டா? ஒரு சொட்டு டீசல் வீணாகியிருக்கிறதா? பிற மாவட்டங்களில் இதே இயந்திரங்கள் சேற்றில் இறங்கிச் சீரழிந்து கிடக்கின்றன என்பதை நினைத்துப் பார்க்கிறேன்."

பொட்டலம் வருகிறதோ என்று நினைத்துச் சில பெண்கள் எழுந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"என்னைத் தனி அலுவலர் என்கிறார்கள். நான் தனி இல்லை. தலைவரும் நானே, துணைத் தலைவரும் நானே, நிர்வாகக் குழுவும் நானே. எங்களுக்குள் இதுவரை ஒரு கருத்து வேறுபாடு வந்ததில்லை. அத்தனை ஒற்றுமை."  பிறகு பயனாளிகள் பக்கம் கையைக் காட்டினார். "இதோ, இந்தச் சகோதரர்கள். ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள். தந்தை விட்டுச்சென்ற நிலத்தில் இத்தனை ஆண்டுகள் பிரியாமல் தேங்கிக் கிடந்தவர்கள். சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் இன்று, உங்கள் கண் முன்னால், பிரியப்போகிறார்கள். இதுவே கூட்டுறவின் வெற்றி."

கைதட்டல் எழுந்தது. உண்மையான கைதட்டல்தான், ஏனென்றால் அந்த நேரம் பார்த்து பொட்டலம் வந்துவிட்டது.

சங்கீதா சம்மதக் கடிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து பயனாளி 1 கையில் கொடுத்தாள். கலியன் பேனாவைத் திறந்தார். காற்று குபீரென்று பந்தலைத் தூக்கியது. ஒரு பக்கத்துத் துணி கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டது.

"காத்து தெக்கால இருந்து வருதுண்ணே" என்றான் குரு. "நெல்லு சாஞ்சிடும்."

அண்ணே என்றான். நடுவில் அகிலா இல்லை, டம்ளர் இல்லை. நேராக இவரைப் பார்த்துச் சொன்னான்.

கலியன் கை நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அந்தப் போஸ்டர நான் படிக்கலடா" என்று மட்டும் வந்தது.

"தெரியும்" என்றான் குரு. "செத்த வூட்ல எவன் படிப்பான்? எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சிக்கினுமாடா பேசாம இருந்த?"

"நீ வந்து சொல்லுவன்னு இருந்தேன்."

கலியன் பேனாவை மூடிச் சங்கீதாவிடம் நீட்டினார். "வேணாம்மா. கூட்டாவே இருக்கட்டும்."

"அப்ப உறுப்பினர் ஆவ முடியாதுங்களே."

"ஆவல."

"மிஷின் வராதுங்களே."

கலியன் மிஷினைப் பார்த்தார். மாலையும் வாழைமரமும் பூசணிக்காயுமாகக் கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி நின்றது. அது வந்தால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், வராவிட்டால் பாதி நெல் தண்ணியில் போகும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் மேடையை விட்டு இறங்கினார். குரு அவருக்கு முன்னாலேயே இறங்கிவிட்டிருந்தான்.

உதயகுமார் ஒரு நொடிதான் தடுமாறினார். "பயனாளிகள் மேடையிலிருந்து நேராகக் களத்துக்கே விரைகிறார்கள். இத்தகைய வேகத்தை நமது சங்கம் எழுபத்தைந்து ஆண்டுகளில் கண்டதில்லை" என்று மைக்கில் அறிவித்தார். அதில் பொய் எதுவும் இல்லை.

அப்புறம் விருந்தினர் வந்ததும், கொடியசைத்ததும், மிஷின் கொட்டகையிலிருந்து புறப்பட்டுப் பத்தடி ஓடி, அங்கே நின்ற லாரியில் ஏறி, மறுநாள் விழா இருக்கிற இன்னொரு சங்கத்துக்குத் திருமுக்கூடல் பக்கம் போனதும் இவர்களுக்குத் தெரியாது. பதினோரு சங்கத்துக்கும் சேர்த்து அந்த ஒரு மிஷின்தான் இருந்தது.

பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் ஓடிக் கலியன் கருக்கருவாள் இரண்டைத் தேடி எடுத்தார். ஒன்று அவருடையது, இன்னொன்று பூவம்மாளுடையது. மஞ்சள் கற்களுக்கு நடுவே இரண்டு பேரும் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது நெல் நின்ற இடத்தில் நெல் இல்லை. அரைக் காணியும் பாய் விரித்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கதிருக்கு மேல் தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. கை வைத்து அறுத்தால் இருட்டுவதற்குள் எவ்வளவு தேறும்? கால்வாசி தேறினால் பெரிது.

கலியன் வரப்பில் நின்று பார்த்தார். அழுகைதான் வந்தது. மழையில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதால் தடுத்துக்கொள்ளவில்லை. கடைசி பஸ்ஸுக்கு இவன் போய்விடுவான், கடை இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாள், விடியற்காலையில் பாய்லர் பற்ற வைக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் மறுபடி அதே டி.வி., அதே வணக்கம். அதுவும் அவருக்குத் தெரியும்.

குரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். வெள்ளைச் சட்டையைக் கழற்றி மஞ்சள் கல்மேல் போட்டான். பூவம்மாளின் கருக்கருவாளைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

"அண்ணே, ஒம் பங்கு எந்தப் பக்கம்?"

"தெரியலடா" என்றார் கலியன். "கூட்டுப் பட்டால அதெல்லாம் போடமாட்டாங்க."

"அப்ப எங்கருந்து அறுக்கறது?"

"எங்கருந்தாவது அறு" என்றார். இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.